வலிக்காத கட்டி: குழந்தையின்மைக்காக வந்த 32 வயது ஆண், ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு நோயாளியின் கோப்பிலிருந்து எடுத்தது அல்ல. ஆண்களின் இனப்பெருக்க நலச் சிகிச்சையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் வரலாறுகளைச் சேர்த்து, ஒருவருடைய வழக்காக எழுதியிருக்கிறேன். பரிசோதனை எண்களும் இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கமாக வருகிறவைதான். யாரையும் அடையாளம் காட்டும் விவரம் இதில் இல்லை.

வந்த காரணம்

வயது 32. திருமணமாகி மூன்று ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறார்கள். மனைவிக்கு வயது 29, மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. இந்த இரண்டு ஆண்டுகளில் மனைவிக்கு ஹார்மோன் பரிசோதனை, கருப்பை ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே என்று எல்லாம் நடந்துவிட்டன. சில பரிசோதனைகள் இரண்டாம் முறையும் நடந்தன. எல்லாமே சரியாக இருந்தன. கணவருக்கு ஒரு விந்து பரிசோதனைகூட நடக்கவில்லை. மனைவியைப் பார்த்துவந்த மருத்துவர் "உங்க கணவர் வராம இனி நான் எதுவும் எழுத மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் அவர் வந்தார்.

இது அபூர்வம் இல்லை என்பதுதான் வருத்தம். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ, பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. விந்து பரிசோதனைக்கு ஊசி கிடையாது, மயக்கமருந்து கிடையாது. அப்படியிருந்தும் அது கடைசியில் நடக்கிறது, உடலுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைகள் முதலில் நடக்கின்றன. ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தொடங்க வேண்டும். மனைவிக்கு 35 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் ஆறு மாதமே போதும். ஆணுக்குச் சிறுவயதில் விதை வயிற்றிலிருந்து விதைப்பைக்குள் இறங்காமல் இருந்திருந்தால், புற்றுநோய்க்கு மருந்து எடுத்திருந்தால், பருவ வயதுக்குப் பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதையும் வீங்கியிருந்தால், அந்த ஓராண்டைக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேட்டதும் கிடைத்ததும்

"உடம்புல வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று மருத்துவர் கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார். ஆண்களிடம் பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். பிறகு மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சிறுவயதில் அறுவை சிகிச்சை ஏதாவது நடந்ததா? விதைப்பையில் எப்போதாவது வலி, வீக்கம்? சிறுநீர் போகும்போது எரிச்சல்? விறைப்பில் சிரமம்? காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? ஜிம்மில் ஊசி, மாத்திரை ஏதாவது? கடந்த மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல்?

இப்படிக் கேட்ட பிறகு நான்கு விஷயங்கள் வெளியே வந்தன.

பிறந்தபோது அவருக்கு வலது விதை கீழே இறங்கியிருக்கவில்லை. ஏழு வயதில் அறுவை சிகிச்சை செய்து இறக்கினார்கள். அவருக்கு அது நினைவில் இல்லை, இடுப்பருகே இருக்கும் தழும்புக்கு அம்மா சொன்ன காரணம் மட்டும் தெரியும். "அது சின்ன வயசுலயே சரியாயிடுச்சே" என்பது அவர் எண்ணம்.

இரண்டாவது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இடது விதையில் வலியும் வீக்கமும் காய்ச்சலும் வந்தன. விதையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சுருண்ட குழாயில் ஏற்பட்ட கிருமித்தொற்று அது. வலி தொடங்கிய அன்றே மருத்துவமனைக்குப் போனார். ஆன்டிபயாடிக் மாத்திரைகளை முழு நாட்களும் எடுத்தார், சரியாகிவிட்டது.

மூன்றாவது, கடந்த ஓராண்டாக விறைப்பில் தடுமாற்றம். எப்போதும் இல்லை. மனைவிக்குக் கருமுட்டை வெளிவரும் நாட்கள் என்று காலண்டரில் குறித்து வைத்த நாட்களில்தான் அதிகம். யாரிடமும் கேட்காமல் இணையத்தில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார்.

நான்காவது விஷயத்தை அவர் எழுந்திருக்கப்போகும் நேரத்தில் சொன்னார். "வலது பக்கம் கொஞ்சம் கனமா இருக்கற மாதிரி இருக்கு டாக்டர். ஒரு ஏழு மாசமா இருக்கும். வலி எதுவும் இல்ல, அதனால பெருசா எடுத்துக்கல."

இந்த வழக்கை நான் எழுதக் காரணமே இரண்டாவதும் நான்காவதும் ஒரே மனிதரிடம் இருந்ததுதான். வலித்தபோது அதே நாளில் மருத்துவரிடம் போனவர், வலிக்காதபோது ஏழு மாதம் போகவில்லை. வலித்தது, மாத்திரையில் தீர்ந்த தொற்று. வலிக்காதது என்னவாக இருந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம். ஆண்களின் இனப்பெருக்க உறுப்புகளைப் பொறுத்தவரை, வலியை வைத்து அவசரத்தை அளப்பது பாதி நேரம்தான் சரியாக வரும். மாற்றத்தை வைத்து அளக்க வேண்டும். அளவில், கனத்தில், கெட்டித்தன்மையில், செயல்பாட்டில் முன்பு இல்லாத ஒன்று வந்து சில வாரங்களாக நீடிக்கிறது என்றால், வலிக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் காட்ட வேண்டும்.

விறைப்பு பற்றி

கட்டிக்குப் போகும் முன் மூன்றாவது விஷயத்தை முடித்துவிடலாம். ஆண்கள் மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பதில் முதலிடம் அதற்குத்தான்.

இவருக்குக் காலை விறைப்பு வழக்கம்போல் இருந்தது. சிரமம் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வந்தது, திடீரென்று தொடங்கியது. இந்த மூன்றும் சேர்ந்தால் ரத்தக்குழாயிலோ நரம்பிலோ கோளாறு இருக்கும் வாய்ப்பு குறைவு. நாள் குறித்து உறவு கொள்ள வேண்டிய நெருக்கடியில் உடல் ஒத்துழைக்காமல் போவது மிகச் சாதாரணம். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் இதைப் பலர் அனுபவிக்கிறார்கள், ஒருவரும் வெளியே சொல்வதில்லை.

ஆனால் இதே சிரமம் மெதுவாகத் தொடங்கி, மாதம் செல்லச் செல்லக் கூடி, காலை விறைப்பும் குறைந்திருந்தால் கதை வேறு. ஆண்குறிக்குப் போகும் தமனிகள் 1 முதல் 2 மி.மீ. அகலம்தான். இதயத் தமனிகள் 3 முதல் 4 மி.மீ. ரத்தக்குழாய்ச் சுவர் கெட்டுப்போகும்போது சிறிய குழாயில்தான் குறை முதலில் தெரியும். அதனால் விறைப்புக் குறைபாடு, நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்து நிற்கலாம். 40 வயதைத் தாண்டியவர், புகைபிடிப்பவர், சர்க்கரை நோய் இருப்பவர் இந்தத் தொந்தரவோடு வந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்காமல் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுப்பது அரைகுறை வைத்தியம்.

தானாக மாத்திரை வாங்குவதில் இருக்கும் ஆபத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். சில்டனாஃபில் வகை மாத்திரைகள் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானவைதான். ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதையும் போட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இவர் நைட்ரேட் எடுக்கவில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருந்தன. நாள் குறிப்பதை விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இயல்பாகச் சேர்ந்திருந்தாலே போதும் என்று தம்பதி இருவரிடமும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

உடல் பரிசோதனை

விதைப்பையைப் படுக்க வைத்து மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். நிற்க வைத்து, மூச்சை அடக்கி வயிற்றை முக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். இவரை நிற்க வைத்துப் பார்த்தபோது இடது பக்கத்தில் விதைக்கு மேலே ரத்தக்குழாய்கள் (சிரைகள்) புடைத்து, கைக்குப் புழுக்கூட்டம் போல் தட்டுப்பட்டன. இது வெரிகோசீல்.

ஆண்களில் நூற்றுக்கு சுமார் 15 பேருக்கு வெரிகோசீல் இருக்கிறது, பலருக்கு அதனால் ஒரு தொந்தரவும் வருவதில்லை. குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் இது 35 முதல் 40 பேர் வரை. பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். இடது விதையின் சிரை நேராகப் பெரிய சிரைக்குப் போகாமல், இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்வதால் அந்தப் பக்கம் ரத்தம் தேங்குவது எளிது. வலது பக்கம் மட்டும் புதிதாக வந்தாலோ, படுத்தால்கூட வடியாமல் இருந்தாலோ, வயிற்றுக்குள் ஏதாவது கட்டி சிரையை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் இந்த வழக்கு தவறிப்போயிருக்கக்கூடிய இடம். விந்தணு குறைந்திருக்கும் ஒருவருக்கு வெரிகோசீல் கைக்குத் தட்டுப்பட்டால், "காரணம் கிடைத்துவிட்டது" என்று பரிசோதனையை அத்தோடு முடிக்கத் தோன்றும். மருத்துவர் வலது பக்கத்தையும் அதே பொறுமையோடு பார்த்தார். வலது விதை இடதைவிடச் சற்றுச் சிறியது. சிறுவயதில் இறங்காத விதைக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் அதன் முன்பக்கத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. அளவில் கெட்டியான ஒரு பகுதி இருந்தது. அழுத்தினால் வலிக்கவில்லை. விதையிலிருந்து பிரித்துப் பிடிக்க முடியவில்லை. இருட்டில் டார்ச் வெளிச்சம் பாய்ச்சியபோது ஒளி ஊடுருவவில்லை.

விதைப்பையில் தட்டுப்படும் எல்லாக் கட்டியும் பயப்பட வேண்டியதல்ல. விதைக்கு வெளியே, மேலோ பின்னாலோ, தனியாகப் பிடிக்க முடிகிற மென்மையான உருண்டை பெரும்பாலும் நீர்க்கட்டி. விதையைச் சுற்றி நீர் சேர்ந்த ஹைட்ரோசீலில் டார்ச் வெளிச்சம் செந்நிறமாக ஊடுருவித் தெரியும். இருமும்போது பெரிதாகி, படுத்தால் உள்ளே போவது குடலிறக்கமாக இருக்கலாம். விதைக்குள்ளேயே இருக்கும் கெட்டியான கட்டி மட்டும், வேறு ஒன்று என்று நிரூபணமாகும் வரை, புற்றுநோய் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இந்த வேறுபாடுகளை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முயல வேண்டாம். ஹைட்ரோசீலுக்குப் பின்னாலேயே கட்டி மறைந்திருப்பதும் உண்டு, ஸ்கேனில்தான் தெளிவாகும்.

பரிசோதனை முடிவுகள்

அதே நாளில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். வலது விதைக்குள் 2.1 செ.மீ. அளவில், ரத்த ஓட்டம் உள்ள திடமான கட்டி. இடது பக்கம் வெரிகோசீல் உறுதியானது, இடது விதைக்குள் எதுவும் இல்லை.

ரத்தத்தில் விதைக் கட்டியைக் காட்டக்கூடிய மூன்று குறியீடுகள் பார்க்கப்பட்டன. ஏ.எஃப்.பி. இயல்பு. எல்.டி.எச். இயல்பு. பீட்டா எச்.சி.ஜி. லேசாக உயர்ந்து 14 இருந்தது, 5க்குள் இருக்க வேண்டியது. கர்ப்பத்தைக் கண்டறியப் பெண்களிடம் பார்க்கும் அதே ஹார்மோன்தான் இது. சில விதைக் கட்டிகள் இதைச் சுரக்கும். சிலருக்கு இதனால் மார்பு வீங்கி வலிப்பதே முதல் அறிகுறியாக இருக்கும். இளம் ஆண் ஒருவர் புதிதாக மார்பு வீக்கத்தோடு வந்தால் விதையையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

விந்து பரிசோதனையில் அளவு 2.1 மி.லி., ஒரு மி.லி.க்கு விந்தணுக்கள் 60 லட்சம், முன்னோக்கி நீந்துபவை 19 சதவீதம், இயல்பான வடிவம் 2 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ்வரம்புகள் முறையே 1.4 மி.லி., 1 கோடியே 60 லட்சம், 30 சதவீதம், 4 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்துப் பலர் நொறுங்கிப் போகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும். மனைவி ஓராண்டுக்குள் கருவுற்ற ஆண்களின் விந்தை ஆராய்ந்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து வைத்த கோடு இது. அதற்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் உண்டு, மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு. தவிர, ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாருக்கும் முடிவு சொல்லக் கூடாது. ஒரே ஆளின் எண்ணிக்கையே வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறும். பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்திருக்க வேண்டும், மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாட்கள், அது முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாட்கள். ஆக, இன்றைய ரிப்போர்ட் சொல்வது இரண்டு மூன்று மாதங்களுக்கு முந்தைய உடல்நிலையை. அப்போது கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை தற்காலிகமாக விழுந்திருக்கும். புகையை நிறுத்தியவருக்குப் பலன் தெரியவும் அதே மூன்று மாதம் ஆகும்.

இவருடைய எண்ணிக்கை குறைந்ததற்கு ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. வெரிகோசீல் ஒன்று. கட்டி ஒன்று. விதை இறங்காமல் இருந்தது இன்னொன்று. விதைப்பை உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு உற்பத்தி சரியாக நடக்கும். ஏழு ஆண்டுகள் வயிற்றின் சூட்டில் இருந்த விதை அந்தப் பாதிப்போடுதான் கீழே வந்திருக்கும். இப்போது இந்த அறுவை சிகிச்சையைக் குழந்தைக்கு 6 மாதம் முதல் 18 மாதத்துக்குள் முடித்துவிடச் சொல்கிறார்கள். ஆறு மாதம் வரை தானாக இறங்கலாம், அதன் பிறகு இறங்கும் வாய்ப்பு குறைவு. சீக்கிரம் செய்தால் விந்தணு உற்பத்தி காக்கப்படும், புற்றுநோய் அபாயமும் குறையும். குறையும் என்றுதான் சொல்ல முடியும், முற்றிலும் போய்விடாது. "சின்ன வயசுலயே சரியாயிடுச்சு" என்று இவர் நம்பியது அந்தக் காரணத்தால்தான் அரைகுறை உண்மை.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம்

கட்டியிலிருந்து ஊசி போட்டு மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. மற்ற பல உறுப்புகளில் அப்படித்தான் செய்கிறார்கள். விதையில் செய்வதில்லை. விதையின் நிணநீர் வயிற்றின் பின்பகுதியில் உள்ள முடிச்சுகளுக்குப் போகிறது, விதைப்பைத் தோலின் நிணநீர் தொடை இடுக்கில் உள்ள முடிச்சுகளுக்குப் போகிறது. தோல் வழியாக ஊசி குத்தினால் நோய் பரவாத பாதையிலும் செல்கள் போய்ச் சேர வழி திறந்துவிடும். அதனால்தான் அறுவை சிகிச்சையையும் விதைப்பையைக் கிழித்துச் செய்யாமல், இடுப்பு மடிப்பில் வெட்டி, விதையை அதன் நாளத்தோடு மேல்வழியாக எடுக்கிறார்கள்.

அறுவைக்கு முன் ஒரு வேலை கட்டாயம் நடக்க வேண்டியிருந்தது: விந்தணுவைச் சேமிப்பது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்தால் விந்தணுவைப் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். இவர் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை மாதிரி கொடுத்தார். ஏற்கனவே எண்ணிக்கை குறைவு, ஒரு விதை போகப்போகிறது, பின்னால் கீமோதெரபியும் தேவைப்படலாம். இந்த நிலையில் சேமிக்காமல் அறுவைக்குப் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட அதிர்ச்சியில் குடும்பத்தில் யாருக்கும் இது நினைவுக்கு வராது. மருத்துவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். மருத்துவர் சொல்லவில்லை என்றால் நோயாளி கேட்க வேண்டும். திருமணமாகாத 19 வயதுப் பையனாக இருந்தாலும் இதே பேச்சு நடக்க வேண்டும்.

ஒரு விதையை எடுத்தால் ஆண்மை போய்விடுமா என்று அவர் தனியாகக் கேட்டார். போகாது. மறு விதை நன்றாக இருந்தால் டெஸ்டோஸ்டிரோனை அதுவே பெரும்பாலும் போதுமான அளவு சுரக்கும். விறைப்பும் ஆசையும் தொடரும். வெளித்தோற்றம் உறுத்தும் என்று நினைப்பவர்களுக்குச் செயற்கை விதை வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

முடிவு

முதலில் பார்த்த நாளிலிருந்து எட்டாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. திசு ஆய்வில் விதைப் புற்றுநோயின் ஒரு வகையான செமினோமா என்று வந்தது. கட்டி விதையைத் தாண்டவில்லை, ரத்தக்குழாய்களுக்குள் நுழையவில்லை. மார்பு, வயிறு, இடுப்புப் பகுதி சி.டி. ஸ்கேனில் பரவல் இல்லை. பீட்டா எச்.சி.ஜி. சில வாரங்களில் இயல்புக்குத் திரும்பியது. முதல் கட்டம்.

ஏழு மாதம் தள்ளிப்போட்டும் முதல் கட்டத்திலேயே கிடைத்தது இவருடைய நல்ல நேரம். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. அதே நேரம், தாமதமாகிவிட்டதே என்று பயந்து இன்னும் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். விதைப் புற்றுநோய் பரவிய பிறகும் பெரும்பாலானவர்களைக் குணப்படுத்த முடிகிறது. முதல் கட்டத்தில் கண்டுபிடித்தால் ஏறக்குறைய எல்லாரும் பிழைக்கிறார்கள். தாமதத்தின் விலை பலருக்கு உயிராக இல்லாமல் போகலாம். ஆனால் கூடுதல் கீமோ சுற்றுகளாகவும், கூடுதல் அறுவையாகவும், போய்விடும் விந்தணுவாகவும் அது வந்து சேரும்.

ஒரு சுற்று கீமோ இப்போதே கொடுப்பதா, எதுவும் கொடுக்காமல் கண்காணிப்பதா என்று பேசினார்கள். முதல் கட்டச் செமினோமாவில் அறுவையோடு நிறுத்திக்கொண்டால் மொத்தமாகப் பார்க்கையில் நூற்றுக்கு சுமார் 15 பேருக்குத் திரும்ப வருகிறது. கட்டி சிறியதாக இருப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. திரும்ப வந்தாலும் குணப்படுத்தலாம். குழந்தை இன்னும் பிறக்கவில்லை, நோயாளி ஒழுங்காக வந்து போகக்கூடியவர். கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். இவருக்கு அதுதான் சரியான முடிவு என்று நானும் நினைக்கிறேன். தேதிக்கு வராமல் போகிறவருக்கு அதே முடிவு சரியாக இருக்காது.

இடது வெரிகோசீலைச் சரிசெய்யலாமா என்பதில் அவசரம் காட்டவில்லை. மீதமிருக்கும் ஒரே விதை அது. நுண்ணோக்கி வைத்துச் செய்யும் அறுவையில் தமனி சேதப்படும் வாய்ப்பு குறைவுதான் என்றாலும், இருக்கிற ஒன்றில் கை வைக்கும் முன் எண்ணிக்கை எப்படிப் போகிறது என்று பார்க்க முடிவானது. ஆறாம் மாத ரிப்போர்ட்டில் மி.லி.க்கு 70 லட்சம். பெரிய ஏற்றம் இல்லை, இறக்கமும் இல்லை. சேமித்த விந்தணு கையில் இருப்பதால், ஒரு விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி சிகிச்சைக்குத் தம்பதி பதிவு செய்திருக்கிறார்கள். அது முதல் முறையிலேயே பலிக்கும் என்று யாரும் அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

எதற்கு எவ்வளவு நேரம்

இந்த வழக்கை ஒட்டி, எப்போது போக வேண்டும் என்ற கேள்விக்கு நேரக்கணக்கோடு பதில் சொல்லிவிடுகிறேன்.

சில தொந்தரவுகளுக்கு மணிக்கணக்கு. விதையில் திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி, கூடவே குமட்டல் அல்லது வாந்தி, விதை மேலே ஏறி நிற்பது என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றுபோன விதையை ஆறு மணி நேரத்துக்குள் திருப்பினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். 24 மணி நேரம் கழிந்தால் பிழைப்பது அரிது. பருவ வயதுப் பையன்களிடம்தான் இது அதிகம். அவர்கள் வெட்கப்பட்டு "வயித்து வலி" என்று மட்டும் சொல்வார்கள். அடிவயிற்று வலி, வாந்தி என்று வரும் பையனிடம் கீழேயும் வலிக்கிறதா என்று பெற்றோர் நேராகக் கேட்க வேண்டும். வலி தானாக நின்றுவிட்டாலும் அன்றே போக வேண்டும். முறுக்கு தானாக அவிழ்ந்திருந்தால் மறுபடி வரும், அவிழாமலே வலி நின்றிருந்தால் விதை இறந்துகொண்டிருக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காத விறைப்பு, உறவின்போது சடக்கென்று சத்தம் கேட்டு ஆண்குறி வீங்கிக் கருப்பது, பின்னுக்குத் தள்ளிய முன்தோல் திரும்ப வராமல் நுனி வீங்குவது, சர்க்கரை நோயாளிக்கு விதைப்பைத் தோல் சிவந்து கடுமையாக வலித்துக் கருக்கத் தொடங்குவது ஆகியவையும் இரவானாலும் காத்திருக்கக் கூடாதவை.

நாள் கணக்கில் பார்க்க வேண்டியவை தொற்றுகள். மெதுவாகக் கூடும் விதை வலி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், ஆண்குறியிலிருந்து சீழ், புதிய புண். வலிக்காத புண்ணும் இதில் சேர்த்திதான், சிபிலிஸின் முதல் புண் வலிக்காது, தானாக ஆறியும் போகும், நோய் உள்ளே தொடரும். தொற்று உறவில் பரவியது என்று தெரிந்தால் துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் காட்ட வேண்டும். விந்தில் ரத்தம் பார்க்கப் பயமாக இருக்கும், 40 வயதுக்குக் கீழே பெரும்பாலும் தீங்கற்றது, திரும்ப வந்தாலோ வயது கூடியிருந்தாலோ பரிசோதனை தேவை.

வலிக்காத கட்டிக்கும், கனத்துக்கும், ஒரு விதை சுருங்குவதற்கும் ஒன்றிரண்டு வாரம்தான் எல்லை. தொடர்ந்து மூன்று மாதம் நீடிக்கும் விறைப்புச் சிரமத்துக்கு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு வேண்டாம்.

இடது விதை வலதைவிடக் கொஞ்சம் கீழே தொங்குவது, குளிரில் விதைப்பை சுருங்குவது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது, இவற்றுக்கு மருத்துவம் தேவையில்லை. இவற்றை நோய் என்று சொல்லி மருந்து விற்பவர்களிடம் பணத்தையும் நிம்மதியையும் இழக்கும் இளைஞர்கள் ஏராளம்.

தொடர் கவனிப்பு

அறுவைக்குப் பிறகு சில மாதங்கள் அவருக்குச் சோர்வு இருந்தது. நண்பர் ஒருவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாகக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தார். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால், உடலில் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொண்டு விதைக்கு அனுப்பும் சமிக்ஞைகளை நிறுத்திவிடும். விதைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால்தான் விந்தணு உருவாகும், அந்த உள்ளளவு சரிந்துவிடும். சில மாதங்களில் விந்தணு பூஜ்யத்துக்குப் போகலாம். நிறுத்திய பிறகு திரும்பி வர ஆறு மாதமோ ஓராண்டோ, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குழந்தை வேண்டும் என்று இருக்கும் ஆண் இந்த ஊசியைத் தொடக் கூடாது, ஜிம்மில் கொடுத்தாலும் சரி, ஆண்மைக்கு என்று சொல்லிக் கொடுத்தாலும் சரி. இவருக்குக் காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் இருந்தது. பிற்பகலில் எடுத்தால் குறைவாகக் காட்டும், காலையில்தான் எடுக்க வேண்டும். சோர்வுக்குக் காரணம் தூக்கமின்மையும் மனக்கவலையும். ஆலோசனைக்கு அனுப்பப்பட்டார்.

அவருக்கு 27 வயதில் ஒரு தம்பி இருக்கிறார். விதைப் புற்றுநோய் வந்தவரின் சகோதரருக்கு அதே நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், மொத்தத்தில் எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும். எந்த அறிகுறியும் இல்லாத எல்லா ஆண்களுக்கும் மாதாமாதம் சுயபரிசோதனை தேவை என்று பல மருத்துவ அமைப்புகள் சொல்வதில்லை, தேவையற்ற பயமும் பரிசோதனையும் கூடும் என்பது அவர்கள் வாதம். தம்பியின் நிலை வேறு. குளித்து முடித்தபின், தோல் தளர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு விதையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெதுவாக உருட்டிப் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பின்பக்கம் தட்டுப்படும் மென்மையான குழாய்ச் சுருள் இயல்பானது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள், அதைக் கட்டி என்று நினைத்துப் பதறுகிறவர்கள் அதிகம். அண்ணனுக்கும் இதே பயிற்சி இடது விதைக்காகக் கொடுக்கப்பட்டது. ஒரு பக்கம் வந்தவருக்கு மறுபக்கமும் வரும் சிறு வாய்ப்பு இருப்பதால், சி.டி. ஸ்கேன் தேதிகள் முடிந்த பிறகும் அதை அவர் நிறுத்தக் கூடாது. அவருக்கு மகன் பிறந்தால், விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று பிறந்த உடனேயும் ஆறாம் மாதத்திலும் பார்க்கும்படி கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.